ஊர் ஊராகப் போன கோல் வீரர்!

லிதுவேனியாவில் இருந்து சென்னைக்கு வந்த ஒருவர். கடலூரில் இருந்து வெளியே போன இரு பெண்கள்

சென்னை நேரு ஸ்டேடியம். 2019-ம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி. இரவு நேரம்.

விளக்குகள் பகல் போல எரிந்தன. சென்னையின் எப்.சி. கோஷ்டியும் ஐதராபாத் கோஷ்டியும் கால்பந்து ஆடிக்கொண்டு இருந்தன.

சென்னை ரசிகர்களின் முகத்தில் ஈயாடவில்லை. காரணம் உண்டு. அந்த வருஷப் போட்டியில் சென்னை கோஷ்டி அதற்கு முன் 4 பந்தயங்களில் ஆடி இருந்தது. ஒன்றில் கூட ஜெயிக்கவில்லை. அது மட்டுமா? 4 பந்தயங்களிலும் சேர்த்து ஒரு கோல் கூடப் போடவில்லை!

இன்றும் அதே கதைதான் போல் இருந்தது. 90 நிமிஷம் முடிந்தது. இரு தரப்பும் கோல் போடவில்லை. காயம் பட்டவர்களாலும், ஆள் மாற்றியதாலும் வீணான நேரத்தை ஈடு செய்ய, நடுவர் சில நிமிஷங்கள் கூட்டிக் கொடுத்தார்.

அந்தச் சில நிமிஷங்களில்தான் அதிசயம் நடந்தது.

முதலில், மால்டா தேசத்து வீரர் ஷெம்பிரி சென்னைக்காகக் கோல் போட்டார். கூட்டம் துள்ளிக் குதித்தது. துள்ளியவர்கள் உட்காருவதற்குள் ஐதராபாத் பதில் கோல் போட்டது. இங்கிலாந்துக்காரர் கில்காலன் போட்ட கோல் அது. ஸ்டேடியம் அப்படியே அடங்கிப் போயிற்று. பலர் எழுந்து வெளியே நடக்கத் தொடங்கினார்கள்.

நடந்தவர்கள் ஏமாந்தார்கள். நின்றவர்கள் பார்த்தார்கள்.

சென்னை வீரர் ஒருவர் கடைசி மூச்சில் பந்தை வலைக்குள் அனுப்பினார். சென்னைக்கு 2, ஐதராபாத்துக்கு 1. அந்த வருஷத்தின் முதல் வெற்றி!

கோல் போட்டவர் பெயர் நெரியுஸ் வால்ஸ்கிஸ். வயது 32. ஊர் லிதுவேனியா.

லிதுவேனியாவா? அது எங்கே இருக்கிறது?

கடலூர் மாவட்டம் அளவு ஜனங்கள்

ஐரோப்பாவின் வடக்கே பால்டிக் கடல் என்று ஒரு கடல் இருக்கிறது. அதன் கரையில் 3 சிறிய தேசங்கள். அவற்றில் ஒன்று லிதுவேனியா. தலைநகர் வில்னியஸ்.

பரப்பளவில் அது தமிழ்நாட்டில் சரி பாதி. ஜனத்தொகையோ 30 லட்சம் கூட இல்லை. 2011-ம் ஆண்டுக் கணக்குப்படி கடலூர் மாவட்டத்தின் ஜனத்தொகையே 26 லட்சம். அதாவது, கடலூர், சிதம்பரம், பண்ருட்டி, விருத்தாசலம், நெய்வேலி எல்லாம் சேர்ந்த ஒரு மாவட்டத்தில் எத்தனை பேரோ, ஏறக்குறைய அத்தனை பேரைக் கொண்ட ஒரு தேசம்!

குளிர் காலத்தில் அங்கே பனி கொட்டும். ஏரிகள் உறைந்து கட்டியாகிவிடும். கடற்கரை மணலில் 'அம்பர்' என்ற மஞ்சள் நிறக் கல் கிடைக்கும். உண்மையில் அது கல் அல்ல. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மரத்தில் வடிந்து இறுகிப் போன பிசின். அதைப் பொறுக்கி மணிமாலை கோப்பார்கள்.

இன்னொரு வியப்பும் உண்டு. லிதுவேனியர்கள் பேசும் மொழிக்கும் சமஸ்கிருதத்துக்கும் தூரத்து உறவு. மகனுக்கு சமஸ்கிருதத்தில் 'சூனு' என்று ஒரு சொல். லிதுவேனிய மொழியில் 'சூனுஸ்'! சிதம்பரத்துப் பண்டிதர் ஒருவர் அந்த ஊருக்குப் போனால், சில சொற்களாவது காதுக்குப் பழகியவையாக இருக்கும்.

வால்ஸ்கிஸ் 1987-ம் ஆண்டு ஆகஸ்டு 4-ந் தேதி பிறந்தார். அப்போது லிதுவேனியா தனி நாடு அல்ல. சோவியத் யூனியனில் ஒரு பகுதி. 1990-ம் ஆண்டு மார்ச் மாதம் சுதந்திரப் பிரகடனம் செய்தது. அதாவது, அவர் தத்தித் தத்தி நடந்த வயதில் அவருடைய தேசமும் புதிதாக நடக்கத் தொடங்கியது.

அந்த நாட்டில் ஜனங்கள் உயிரை விடுவது கூடைப்பந்துக்கு. நம் ஊரில் கிரிக்கெட் எப்படியோ, அங்கே கூடைப்பந்து அப்படி. கால்பந்து ஆடுகிறவருக்குப் பெயரும் குறைவு, பணமும் குறைவு. பிழைக்க வேண்டும் என்றால் வெளியே கிளம்ப வேண்டும்.

வால்ஸ்கிஸ் கிளம்பினார்.

பழைய நாடகக் கம்பெனி மாதிரி

முன் காலத்தில் நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகப் போகும். கடலூரில் ஒரு மாதம், சிதம்பரத்தில் ஒரு மாதம் என்று கொட்டகை போடும். வசூல் குறைந்தால் மூட்டை கட்டும். நடிகருக்கு ஊரும் நிலையல்ல, சோறும் நிலையல்ல. அன்றைக்கு மேடையில் கை தட்டு வாங்கினால்தான் அடுத்த ஊருக்கு அழைப்பு.

கால்பந்து வீரர் வாழ்க்கையும் அதுதான். கிளப்புகள் ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று ஒப்பந்தம் போடும். நன்றாக ஆடினால் ஒப்பந்தம் நீளும். காயம் பட்டால், கோல் வறண்டால், பயிற்சியாளர் மாறினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

வால்ஸ்கிஸ் இப்படிப் பல கிளப்புகளைப் பார்த்தவர். சொந்த நாட்டில் ஆடினார். தேசிய கோஷ்டிக்கும் ஆடினார். இஸ்ரேலில் பினெய் யெகுதா, ஹபோயல் டெல் அவிவ் என்ற கிளப்புகளில் ஆடினார். தாய்லாந்தில் ராட்சபுரி கிளப்பில் ஆடினார். பனி கொட்டும் ஊரில் கற்ற ஆட்டத்தை, வியர்வை கொட்டும் ஊரில் ஆடிக் காட்டினார்.

ஒவ்வோர் ஊரிலும் மொழி வேறு, சாப்பாடு வேறு, வெயில் வேறு. மாறாதது ஒன்றே ஒன்று. கோல் கம்பம்! அகலம் 24 அடி. உயரம் 8 அடி. வில்னியசிலும் அதுதான் அளவு. சென்னையிலும் அதுதான். கடலூர் மைதானத்திலும் அதுதான். அந்த 24 அடியை நம்பித்தான் ஒரு கோல் வீரர் உலகம் சுற்றுகிறார்.

'ஸ்டிரைக்கர்' என்றால் யார்?

ஒரு கோஷ்டிக்கு 11 பேர். ஒருவர் கோல் கீப்பர். சிலர் பின்னால் நின்று காப்பவர்கள். சிலர் நடுவில் நின்று பந்தைக் கடத்துகிறவர்கள். எல்லோருக்கும் முன்னால் நின்று கோல் போட வேண்டியவர்தான் 'ஸ்டிரைக்கர்'.

மற்ற 10 பேர் உழைப்பும் கடைசியில் அவர் காலில் வந்து நிற்கும். கல்யாணப் பந்தியில் 16 பதார்த்தம் இருக்கலாம். சாம்பாரில் உப்பு இல்லை என்றால் சமையல்காரர் பெயர்தான் கெடும். அதே மாதிரி, கோல் விழாவிட்டால் ஏச்சு முழுவதும் ஸ்டிரைக்கருக்கு!

அவர் 90 நிமிஷம் ஓடுவார். பந்து அவரிடம் வருவது சில முறைதான். அதிலும் கோல் போடும் வாய்ப்பு ஒன்றோ இரண்டோ. அந்த நொடிக்காகத்தான் மீதி நேரம் முழுவதும் காத்து நிற்கிறார். குளத்தங்கரையில் நிற்கும் கொக்கைப் பாருங்கள். அதே பொறுமை. அதே வேகம்.

வால்ஸ்கிஸ் பெரிய ஓட்டக்காரர் அல்ல. வயதும் 30-ஐத் தாண்டியிருந்தது. ஆனால் பந்து எங்கே வந்து விழும் என்று முன்கூட்டியே அறிந்து அங்கே போய் நிற்பார். காலாலும் போடுவார், தலையாலும் முட்டுவார்.

கடைசியில் இருந்து நாலாவது இடத்துக்கு!

ஐதராபாத்தை ஜெயித்த பிறகும் சென்னைக்குக் கஷ்டம் தீரவில்லை. 6 பந்தயங்களில் கிடைத்தது 5 புள்ளிகள்தான். இங்கிலாந்துக்காரரான பயிற்சியாளர் ஜான் கிரிகோரி விலகினார். அவர் யாரோ எவரோ அல்ல. 2018-ம் ஆண்டு சென்னைக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர்.

புதிதாக வந்தவர் ஓவன் காயில். ஸ்காட்லாந்தில் பிறந்தவர். அவரும் முன்பு ஸ்டிரைக்கராக ஆடியவர். 'பந்தை முன்னால் கொண்டு போங்கள். பயப்படாமல் ஆடுங்கள்' என்பதுதான் அவர் போட்ட வழி.

ஆட்டம் மாறியது. தமிழ்நாட்டு ரசிகர்கள் மறுபடி ஸ்டேடியத்துக்கு வரத் தொடங்கினார்கள். வால்ஸ்கிஸ் கோல் மேல் கோல் போட்டார். லீக் ஆட்டங்கள் முடிந்தபோது சென்னைக்கு 29 புள்ளிகள். நாலாவது இடம். அரை இறுதிக்குத் தகுதி!

அரை இறுதியில் எதிரி கோவா. 2020-ம் ஆண்டு பிப்ரவரி 29-ந் தேதி சென்னையில் நடந்த முதல் ஆட்டத்தில் சென்னை 4-1 என்று வென்றது. மார்ச் 7-ந் தேதி கோவாவில் இரண்டாவது ஆட்டம். கோவா 4 கோல் போட்டது. சென்னை 2. அந்த இரண்டில் ஒன்று வால்ஸ்கிஸ் போட்டது. இரண்டு ஆட்டத்தையும் கூட்டினால் சென்னைக்கு 6, கோவாவுக்கு 5. ஒரே ஒரு கோல் வித்தியாசம்!

ஆள் இல்லாத ஸ்டேடியம்

இறுதிப் பந்தயம் மார்ச் 14-ந் தேதி கோவாவில் நடந்தது. சென்னையும் கொல்கத்தாவின் ஏ.டி.கே. கோஷ்டியும் மோதின.

ஆனால் ஸ்டேடியத்தில் ஒரு ரசிகர் கூட இல்லை! கொரோனா நோய் பரவத் தொடங்கிய நேரம். ரசிகர்களை உள்ளே விடக் கூடாது என்று முடிவு செய்துவிட்டார்கள். பந்து உதைபடும் சத்தம் நாற்காலிகளில் மோதித் திரும்பியது.

ஏ.டி.கே. 2 கோல் போட்டு முன்னால் போனது. 69-வது நிமிஷத்தில் வால்ஸ்கிஸ் ஒரு கோல் போட்டார். வேறு நாளாக இருந்தால் ஸ்டேடியம் இடிந்திருக்கும். அன்று கை தட்டியவர்கள் அவருடைய கூட்டாளிகள் மட்டுமே. கடைசி நேரத்தில் ஏ.டி.கே. இன்னொரு கோல் போட்டது. 3-1. கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிற்று.

அந்த வருஷம் அதிகக் கோல் போட்டவர்கள் 3 பேர். ஒருவர் பிஜித் தீவைச் சேர்ந்த ராய் கிருஷ்ணா. ஒருவர் நைஜீரியாவின் ஒக்பேச்சே. மூன்றாமவர் வால்ஸ்கிஸ். மூவரும் 15 கோல்! அவர்களில் 'தங்கக் காலணி' பரிசு வால்ஸ்கிசுக்குக் கிடைத்தது.

கோப்பை இல்லை, காலணி உண்டு. சந்தோஷமும் துக்கமும் ஒரே நாளில்!

பழைய கோஷ்டிக்கு எதிராகவே கோல்

அடுத்த வருஷம் பயிற்சியாளர் காயில் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். வால்ஸ்கிசும் அங்கே சேர்ந்தார். சென்னை ரசிகர்களுக்கு மனம் கசந்தது. ஆனால் ஒப்பந்தம் முடிந்த வீரருக்கு எந்தக் கிளப்பில் சேரவும் உரிமை உண்டு.

2020-ம் ஆண்டு நவம்பர் 24-ந் தேதி. ஜாம்ஷெட்பூருக்கு அந்த வருஷத்தின் முதல் ஆட்டம். எதிரி யார் தெரியுமா? சென்னை!

வால்ஸ்கிஸ் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். நேற்றுவரை தோளில் கை போட்டு நின்றவர்களுக்கு எதிராகவே கோல்! ஆனாலும் சென்னைதான் 2-1 என்று ஜெயித்தது. அந்த வருஷம் அவர் மொத்தம் 8 கோல் போட்டார். கொரோனா காரணமாக அந்த வருஷப் பந்தயங்கள் எல்லாமே கோவாவில், ரசிகர்கள் இல்லாமல் நடந்தன.

2022-ம் ஆண்டு ஜனவரியில் அவர் திரும்பவும் சென்னைக்கு வந்தார். இதிலும் விதி விளையாடியது. அவர் விட்டு வந்த ஜாம்ஷெட்பூர் அதே வருஷம் லீக் ஆட்டங்களில் முதல் இடம் பிடித்து, கேடயத்தை வென்றது! சென்னையோ பின்தங்கியது. இன்னும் 2 மாதம் அங்கேயே இருந்திருந்தால், கேடயத்தைத் தூக்கிய கைகளில் அவருடைய கையும் இருந்திருக்கும்.

ஊர் ஊராகப் போகிறவர் வாழ்க்கை இதுதான். ரெயில் நிற்கும் இடத்தில் இறங்கினால், மழை அடுத்த ஊரில் பெய்கிறது.

கடலூருக்கு இதில் என்ன?

லிதுவேனியாவில் இருந்து ஒருவர் சென்னைக்கு வந்து கோல் போட்டார், சரி. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இதில் என்ன இருக்கிறது?

இருக்கிறது. வெளியூரில் இருந்து ஆள் வருவது ஒரு பக்கம். இங்கே இருந்து வெளியூருக்குப் போவது இன்னொரு பக்கம். கடலூர் மண்ணில் இருந்து பந்தோடு கிளம்பியவர்கள் உண்டு. அவர்கள் பெண்கள்!

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதியைக் கடலூர் மறக்காது. ஞாயிற்றுக்கிழமை காலை. கடல் பொங்கி ஊருக்குள் வந்தது. தேவனாம்பட்டினம் முதலான மீனவர் கிராமங்கள் சின்னாபின்னம் ஆயின. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பல குழந்தைகள் தாய் தகப்பனை இழந்தார்கள்.

அந்தக் காலத்தில் கடலூரில் மாரியப்பன் என்ற கால்பந்துப் பயிற்சியாளர் பெண் குழந்தைகளுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தார். சுனாமியால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். இரவில் அலைச் சத்தம் கேட்டு நடுங்கிய பிள்ளைகள், பகலில் பந்தைத் துரத்தினார்கள். ஓடி ஓடிக் களைத்தவர்களுக்குத் தூக்கம் வந்தது.

பெண் குழந்தை அரைக்கால் சட்டை போட்டுக் கொண்டு பந்து உதைப்பதா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. இன்றும் சில வீடுகளில் அந்தப் பேச்சு இருக்கிறது. ஆனால் பந்து நின்றுவிடவில்லை. இந்திரா காந்தி விளையாட்டு - கல்வி அகாடமி என்ற பெயரில் கடலூர் கோஷ்டி வளர்ந்தது. இந்தியப் பெண்கள் லீக் போட்டியின் இறுதிச் சுற்று 2018-ம் ஆண்டு ஷில்லாங்கில் நடந்தது. அதில் ஆடிய கோஷ்டிகளில் கடலூர் கோஷ்டியும் ஒன்று!

போலீஸ் உடுப்பும் பந்தும்

கடலூர்ப் பெண்களில் முதலில் சொல்ல வேண்டியவர் இந்துமதி கதிரேசன். 1994-ம் ஆண்டு பிறந்தவர். நடுவரிசையில் நின்று ஆட்டத்தை நடத்துகிறவர்.

2018-ம் ஆண்டு பிப்ரவரியில் கட்டாக் நகரில் பெண்களுக்கான தேசியப் போட்டி நடந்தது. இறுதியில் தமிழ்நாடும் மணிப்பூரும் மோதின. பெண்கள் கால்பந்து என்றால் மணிப்பூர்தான் என்று சொல்வார்கள். அவ்வளவு முறை கோப்பை வாங்கிய மாநிலம். அந்த மணிப்பூரைத் தமிழ்நாடு 2-1 என்று தோற்கடித்தது. தமிழ்நாட்டுக்கு அதுதான் முதல் கோப்பை. வெற்றிக் கோலைப் போட்டவர் இந்துமதி!

2019-ம் ஆண்டு மார்ச் மாதம் நேபாளத்தில் தெற்கு ஆசியப் போட்டி. அரை இறுதியில் இந்தியா வங்காள தேசத்தை 4-0 என்று வென்றது. நாலில் 2 கோல் இந்துமதி போட்டவை. இறுதியில் நேபாளத்தை வென்று இந்தியா கோப்பையைக் கைப்பற்றியது.

இந்துமதி தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். 2020-ம் ஆண்டு கொரோனா வந்தது. ஊர் அடங்கியது. மைதானங்கள் பூட்டப்பட்டன. வால்ஸ்கிஸ் ஆளில்லாத ஸ்டேடியத்தில் ஆடிவிட்டுப் போன அதே காலம். இந்துமதி பந்தை மூலையில் வைத்தார்; காக்கி உடுப்பை மாட்டினார். சென்னைத் தெருக்களில் நின்று, வெளியே வந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார்.

இரண்டாமவர் சந்தியா ரங்கநாதன். 1996-ம் ஆண்டு பிறந்தவர். இவர்தான் முன்வரிசைக்காரர், வால்ஸ்கிஸ் பார்த்த அதே வேலை. நேபாளத்தில் நடந்த அந்தப் போட்டியில் இவரும் ஆடினார்.

2022-ம் ஆண்டு ஜனவரியில் ஆசியக் கோப்பைப் போட்டி இந்தியாவிலேயே நடந்தது. இந்துமதி, சந்தியா இருவரும் இந்திய கோஷ்டியில் இடம் பெற்றார்கள். முதல் ஆட்டத்தில் ஈரானுடன் கோல் இன்றி சமன். அடுத்த ஆட்டத்துக்குள் கொரோனா புகுந்துவிட்டது. பல வீராங்கனைகள் படுத்துவிட்டார்கள். விதிப்படி வேண்டிய 13 பேர் கூடத் தேறவில்லை. இந்தியா போட்டியில் இருந்தே விலக்கப்பட்டது. சொந்த மண்ணில் கிடைத்த வாய்ப்பு கண் முன்னால் கரைந்து போயிற்று.

ஒரே இறுதியில் இரண்டு கடலூர் கோல்!

துக்கத்துக்குப் பின் ஒரு நல்ல நாள் வந்தது.

2023-ம் ஆண்டு மே 21-ந் தேதி. இடம் ஆமதாபாத். இந்தியப் பெண்கள் லீக் இறுதிப் பந்தயம். கேரளத்தின் கோகுலம் கோஷ்டியும், பெங்களூரின் கிக்ஸ்டார்ட் கோஷ்டியும் மோதின. இந்துமதியும் சந்தியாவும் அந்த வருஷம் கோகுலத்துக்கு ஆடினார்கள்.

ஆட்டம் தொடங்கிச் சில நிமிஷங்களில் முதல் கோல். போட்டவர் சந்தியா! முதல் பாதியிலேயே இரண்டாவது கோல். போட்டவர் இந்துமதி! முடிவில் கோகுலம் 5-0 என்று வென்றது.

யோசித்துப் பாருங்கள். கோஷ்டி கேரளத்துடையது. எதிரி கர்நாடகத்துக்காரர்கள். மைதானம் குஜராத்தில். முதல் இரண்டு கோலும் கடலூர்க்காரர்கள் போட்டது!

லிதுவேனியாக்காரர் சென்னையில் செய்ததை, கடலூர்ப் பெண்கள் ஆமதாபாத்தில் செய்தார்கள். அவர் 15 கோல் போட்டும் கோப்பை கிடைக்கவில்லை. இவர்கள் கையில் கோப்பையும் வந்தது.

சிதம்பரம் சொல்லும் பாடம்

கடலூரில் இருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோ மீட்டர். அங்கே காலைத் தூக்கி ஆடும் நடராஜர் கோவில் இருக்கிறது. 1929-ம் ஆண்டு தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. அதில் உடற்கல்விக்கு என்று தனித் துறையே உண்டு. அங்கே படித்தவர்கள் பல ஊர்ப் பள்ளிக்கூடங்களில் உடற்கல்வி ஆசிரியர்களாக இருக்கிறார்கள். 'டிரில் மாஸ்டர்' என்று பிள்ளைகள் கூப்பிடுகிறார்களே, அவர்கள்தான்.

ஒரு பிள்ளையின் காலில் திறமை இருக்கிறது என்பதை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் அந்த டிரில் மாஸ்டர்தான். பிள்ளையின் வீட்டுக்குப் போய், 'இவளை மைதானத்துக்கு அனுப்புங்கள்' என்று தாய் தகப்பனிடம் கெஞ்சுகிறவரும் அவர்தான்.

தாய் தகப்பன் தயங்குவதிலும் நியாயம் இருக்கிறது. கால்பந்து வீரரின் கால் எத்தனை வருஷம் ஓடும்? 35 வயதுக்கு மேல் ஓடுகிறவர்கள் மிகச் சிலர். நடுவில் முழங்கால் முறிந்தால் அதோடு சரி. வால்ஸ்கிஸ் போன்ற தங்கக் காலணி வீரருக்கே ஒப்பந்தம் வருஷக் கணக்கில்தான். பெண்களுக்கோ கிளப்புகள் கொடுக்கும் பணம் ஆண்களைவிட மிகக் குறைவு. இதை மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை.

அதற்கு இந்துமதியின் வழி ஒரு பதில். ஆட்டமும் உண்டு, உத்தியோகமும் உண்டு. போலீஸ், ரெயில்வே முதலிய இடங்களில் விளையாட்டு வீரர்களுக்கு வேலை வாய்ப்பு இருக்கிறது. அதற்குப் படிப்பு வேண்டும். அதனால்தான் நல்ல பயிற்சியாளர்கள், 'பந்தையும் விடாதே. புத்தகத்தையும் விடாதே' என்கிறார்கள். கடலூர் அகாடமியின் பெயரிலேயே விளையாட்டும் கல்வியும் சேர்ந்து இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

மைதானத்துக்கு அனுப்புவதால் என்ன லாபம் என்று கேட்கிறவர்களுக்கு இன்னொரு பதிலும் உண்டு. எல்லாப் பிள்ளையும் இந்திய கோஷ்டியில் சேரப் போவதில்லை. ஆனால் தோற்ற மறுநாள் காலையில் எழுந்து மறுபடி ஓடுவதற்கு மைதானம் கற்றுக் கொடுக்கிறது. தெரியாத ஊரில், தெரியாத மொழி பேசுகிறவர்களோடு சேர்ந்து வேலை செய்யக் கற்றுக் கொடுக்கிறது. அது எந்தப் பிழைப்புக்கும் உதவும்.

சாயங்கால வேளை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சாயங்காலம் வெயில் சாய்ந்ததும் பிள்ளைகள் பந்தோடு வருகிறார்கள். கடல் காற்று வீசத் தொடங்கும் நேரம் அது. சிலருக்குக் காலில் பூட்ஸ் உண்டு. சிலருக்கு இல்லை. கம்பம் இல்லாத இடத்தில் இரண்டு செருப்பை வைத்து 'கோல்' என்கிறார்கள்.

உலகத்தின் ஒரு மூலையில், பனி கொட்டும் ஊரில் பிறந்த ஒருவர், அந்த 24 அடியைத் தேடிக் கடல் தாண்டி வந்தார். கடல் பொங்கி வந்த ஊரில் வளர்ந்த பெண்கள், அதே 24 அடியைத் தேடி மலை தாண்டிப் போனார்கள்.

பந்து ஜாதி கேட்பதில்லை. மொழி கேட்பதில்லை. ஆணா பெண்ணா என்றும் கேட்பதில்லை. சரியாக உதைத்தால் போகிறது. தவறாக உதைத்தால் திரும்புகிறது.

இன்று சாயங்காலம் உங்கள் வீட்டுப் பெண் குழந்தை பந்தை எடுத்துக் கொண்டு வாசல் தாண்டினால், 'எங்கே போகிறாய்?' என்று அதட்டாதீர்கள். 'இருட்டுவதற்குள் வந்துவிடு' என்று சொல்லி அனுப்புங்கள்.

அவள் எவ்வளவு தூரம் போவாள் என்பது யாருக்குத் தெரியும்?